குடியேறியவர்களின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டு ஆங்கிலம் கற்பது எப்படி?

கேள்வி கேட்டவர் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, பிறகு டிப்ளமோ முடித்தவர். ஆங்கிலத்தை வாசித்தால் ஓரளவு புரிகிறது, காதால் கேட்டால் பிடிபடவில்லை, பேசப் போனால் வாய் கட்டிக்கொள்கிறது என்கிறார். வெளிநாட்டில் குடியேறியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லும் ஒலிப்பதிவுகளைக் கேட்டால் ஆங்கிலம் வரும் என்று சிலர் சொல்கிறார்களே, வருமா, எங்கே தொடங்குவது என்பது அவர் கேள்வி.

வரும். ஆனால் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தால் வராது. மூன்று நிமிடக் கதை ஒன்றை ஒரு வாரம் விடாமல் பிடித்துவைத்து உழைத்து, கடைசியில் அதே அச்சில் உங்கள் கதையை உங்கள் வாயால் சொல்லி முடித்தால்தான் வரும். தினம் ஒரு புதிய பதிவு என்று ஓடுபவர்களைவிட, வாரத்துக்கு ஒன்று என்று நிற்பவர்கள்தான் பேசத் தொடங்குகிறார்கள்.

இந்த வகைப் பேச்சு ஏன் நல்லது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். செய்தி என்பது எழுதி வைத்து வாசிப்பது. அந்த நடையில் யாரும் பக்கத்து வீட்டாரிடம் பேசுவதில்லை. திரைப்பட உரையாடல் வேகமானது, பாதியைக் காட்சிதான் புரியவைக்கிறது. குடியேறியவரின் கதைக்கு ஒரு வரிசை உண்டு: பிறந்த ஊர், கிளம்பிய காரணம், வந்து இறங்கிய நாள், முதல் வீடு, முதல் வேலை, முதல் குளிர்காலம். அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடிவதால், நாலு சொல் புரியாமல் போனாலும் நூல் அறுவதில்லை. சொல்பவர்களில் பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி என்பதால், அரிய சொற்களைத் தேடிப் போகாமல் கெட், டேக், ஃபைண்ட், ஆஸ்க், டெல் போன்ற சின்ன வினைச்சொற்களை வைத்தே முழு வாழ்க்கையையும் சொல்லிவிடுகிறார்கள். நமக்கு முதலில் வேண்டியதும் அந்தச் சின்ன வினைச்சொற்கள்தான்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். அகராதி தராத பொருளை இந்தக் கதைகள் தருகின்றன. ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு சம்பவம் இருக்கிறது. விருந்துக்குக் கூப்பிட்டவர் "பிரிங் எ பிளேட்" என்கிறார். வந்தவர் வெறும் தட்டை எடுத்துக்கொண்டு போய் நிற்கிறார். ஆளுக்கு ஒரு பலகாரம் செய்து எடுத்து வர வேண்டும் என்பதுதான் அதன் பொருள். இங்கிலாந்தில் "யூ ஆல்ரைட்?" என்று கேட்டால் உடம்புக்கு என்ன என்று கேட்கவில்லை, வணக்கம் சொல்கிறார்கள். வட இங்கிலாந்தில் "டீ" என்பது பல வீடுகளில் மாலைச் சாப்பாடு. அமெரிக்காவில் இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்கும்போது "ஐம் குட்" என்றால் போதும், வேண்டாம் என்று பொருள். கழிவறைக்குக் கனடாவில் வாஷ்ரூம், அமெரிக்காவில் ரெஸ்ட்ரூம், பிரிட்டனில் டாய்லெட் அல்லது லூ. இவற்றைப் பட்டியலாகப் படித்தால் மறந்துவிடும். வெறும் தட்டோடு வாசலில் நின்றவரின் முகத்தோடு சேர்த்துக் கேட்டால் மறக்காது.

எங்கே கேட்பது? இலவசமாகக் கிடைக்கும் நல்ல இடங்கள் சில இருக்கின்றன. தொடக்க நிலையில் இருப்பவர்கள் எல்லோ (elllo.org) என்ற இணையதளத்திலிருந்து தொடங்கலாம். பல நாட்டவர் தங்கள் ஊர், உணவு, வேலை, வெளிநாட்டு வாழ்க்கை பற்றி இரண்டு மூன்று நிமிடம் பேசும் பதிவுகள் நிலைவாரியாக இருக்கும். எழுத்து வடிவமும் கேள்விகளும் கூடவே வரும். அதைவிடவும் எளிமையாக வேண்டுமென்றால் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-இல் ஸ்பெஷல் இங்கிலீஷ் என்ற பெயரில் தொடங்கிய ஒலிபரப்பின் பழைய பதிவுகள் உதவும். சுமார் 1,500 அடிப்படைச் சொற்களை வைத்து, வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் வாசித்தவை அவை. அவை குடியேறியவர்களின் கதைகள் அல்ல, காதைப் பழக்கும் படிக்கட்டு.

அடுத்த படியாக, 2008-இல் தொடங்கப்பட்ட தெற்காசிய அமெரிக்க டிஜிட்டல் ஆவணக் காப்பகத்தின் ஃபர்ஸ்ட் டேஸ் திட்டம். குடியேறியவர்கள் அமெரிக்காவில் தங்கள் முதல் நாளை, முதல் நாட்களை மட்டும் சொல்லும் சிறு பதிவுகள். இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம் என்று நம் பக்கத்துக் குரல்களாக இருப்பதால் காதுக்கு உடனே பிடிபடும். இதில் ஒரு பொறியும் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். அதற்கடுத்து ஸ்டோரிகார்ப்ஸ். 2003-இல் நியூயார்க்கில் தொடங்கியது. இரண்டு பேர் 40 நிமிடம் உட்கார்ந்து பேசுவதைப் பதிவு செய்து, அதிலிருந்து இரண்டு மூன்று நிமிடத் துண்டை வெட்டித் தருகிறார்கள். இயல்பான, தாய்மொழியாளர் வேகம்.

கடைசிப் படி, எல்லிஸ் தீவு வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள். நியூயார்க் துறைமுகத்தில் இருக்கும் அந்தத் தீவு 1892 முதல் 1954 வரை குடியேற்ற நிலையமாக இருந்தது. ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் அதன் வழியாக அமெரிக்காவுக்குள் போனார்கள். அப்படிப் போனவர்களை 1973 முதல் நேர்கண்டு பதிவு செய்தார்கள். மொழி கற்பவருக்கு இதில் பெரிய வசதி, கேள்விகள் அநேகமாக ஒரே வரிசையில் வரும்: வீடு எப்படி இருந்தது, என்ன சமைத்தார்கள், கப்பல் எப்படி இருந்தது, தீவில் என்ன நடந்தது, ஆங்கிலம் எப்படிக் கற்றீர்கள். மூன்று பதிவு கேட்டவர் நான்காவதில் கேள்வியைத் தானே முன்கூட்டிச் சொல்லிவிடலாம். கஷ்டம் என்னவென்றால் பதிவுகள் நீளம், ஒலித்தரம் ஒரே மாதிரி இருக்காது, பழைய சொற்களும் வரும். ஸ்டியரேஜ் என்றால் கப்பலின் மலிவுக் கட்டண அடித்தளம். கிரீன்ஹார்ன் என்றால் ஊருக்குப் புதிதாக வந்து ஒன்றும் தெரியாமல் விழிப்பவர். புரிந்துகொள்ளுங்கள், பேச்சில் பயன்படுத்த வேண்டாம். கனடாவில் இதே போன்ற தொகுப்பு ஹாலிஃபாக்ஸ் நகரின் பியர் 21 அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1928 முதல் 1971 வரை குடியேறியவர்கள் வந்து இறங்கிய துறை அது.

எதை எடுத்தாலும் முதலில் ஒரு சோதனை. எழுத்து வடிவத்தில் ஏதாவது 100 சொல்லை எண்ணிக் குறித்துக்கொண்டு, தெரியாத சொற்களின் அடியில் கோடு போடுங்கள். இரண்டு முதல் ஐந்து வரை என்றால் அது உங்களுக்கான பதிவு. பத்தைத் தாண்டினால் இப்போதைக்கு வைத்துவிடுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் விடுவதுதான் பெரும்பாலோர் இரண்டாம் வாரமே நின்றுவிடக் காரணம். 45 நிமிடப் பதிவைத் தூக்கிக்கொண்டு வந்து, பாதியில் தன்னால் முடியாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் கோளாறு பதிவின் தேர்வில்தான். நீளம் மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இயல்பான பேச்சில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 சொல் என்றால் அதிலேயே 450 சொல் வந்துவிடும். ஒரு வாரத்துக்கு அது தாராளம்.

இனி வார வேலை. நாளுக்கு 25 முதல் 30 நிமிடம்.

முதல் நாள் எழுத்து வடிவத்தைத் திறக்கவே கூடாது. மூன்று முறை கேளுங்கள். முதல் முறை யார், எங்கே, எந்தக் காலம் என்பதை மட்டும் பிடியுங்கள். இரண்டாம் முறை அவருக்கு என்ன சிக்கல் வந்தது. மூன்றாம் முறை அது எப்படித் தீர்ந்தது, அல்லது தீரவில்லை. தமிழிலேயே குறித்துக்கொள்ளலாம், தவறில்லை. எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் கண் முந்திக்கொள்ளும். காதுக்கு வேலையே இருக்காது. வாசித்தால் புரிகிறது, கேட்டால் புரியவில்லை என்பதுதானே உங்கள் பிரச்சினை. அதைத் தீர்க்கும் நாள் இதுதான்.

இரண்டாம் நாள் எழுத்து வடிவத்தோடு உட்காருங்கள். ஒரு கதையிலிருந்து எட்டுத் தொடருக்கு மேல் எடுக்காதீர்கள். தனிச்சொல்லாக எடுக்காமல் தொடராக எடுங்கள். எப்படி என்று காட்ட, இந்தப் பதிலுக்காக நான் கட்டிய ஒரு சிறு துண்டு:

"வென் ஐ ஃபர்ஸ்ட் கேம், ஐ டிடின்ட் நோ ஹவ் டு டேக் த பஸ். ஐ ஹேட் எ டென் டாலர் பில். த டிரைவர் செட், எக்ஸாக்ட் சேஞ்ச் ஒன்லி. ஐ ஹேட் டு கெட் ஆஃப். ஐ எண்டட் அப் வாக்கிங் ஹோம் இன் த ஸ்னோ. பேக் ஹோம், த கண்டக்டர் வுட் கம் டு யூ."

வந்த புதிதில் பஸ்ஸில் எப்படிப் போவதென்று தெரியவில்லை, கையில் பத்து டாலர் நோட்டு, சரியான சில்லறை இருந்தால்தான் ஏறலாம் என்றார் டிரைவர், இறங்க வேண்டியதாயிற்று, கடைசியில் பனியில் நடந்தே வீடு போய்ச் சேர்ந்தேன், எங்க ஊர்ல கண்டக்டர் நம்ம கிட்ட வருவார் என்பது கதை. பல வட அமெரிக்க நகரங்களில் ரொக்கமாகக் கொடுத்தால் டிரைவர் மீதி தருவதில்லை என்ற செய்தியும் இதற்குள் இருக்கிறது.

இந்த ஆறு வாக்கியத்தில் எத்தனை அச்சு இருக்கிறது பாருங்கள். "ஐ டிடின்ட் நோ ஹவ் டு..." என்பதன் பின்னால் எந்த வேலையையும் மாட்டலாம்: அக்கவுண்ட் திறக்க, அடுப்பைப் பற்றவைக்க, டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்க. "ஐ ஹேட் டு..." என்பது செய்ய வேண்டியதாயிற்று. "எண்டட் அப்" என்பதன் பின்னால் இங் சேர்ந்த வினை வரும். நினைத்தது ஒன்று, கடைசியில் நடந்தது வேறு என்ற பொருளை ஒரே தொடரில் சொல்லிவிடும். "பேக் ஹோம்" என்பது நம் "எங்க ஊர்ல". "கெட் ஆஃப்" என்பதைக் கவனியுங்கள். நாம் பஸ்ஸிலிருந்து இறங்குவதை "கெட் டவுன்" என்கிறோம். இந்தியாவில் எல்லோருக்கும் புரியும். வெளியே பஸ், ரயில், விமானம் என்றால் "கெட் ஆஃப்", கார் என்றால் "கெட் அவுட்" என்பதுதான் வழக்கு.

"வுட் கம்" என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தமிழில் பழைய வழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால வடிவத்தைத்தான் எடுக்கிறோம்: அந்தக் காலத்துல தினமும் நடந்தே போவேன், அம்மா கூழ் காய்ச்சித் தருவா. போவேன், தருவா என்பவை வடிவத்தில் எதிர்காலம், பொருளில் இறந்தகால வழக்கம். ஆங்கிலத்தின் "வுட்" இதே வேலையைச் செய்கிறது. "ஐ வுட் வாக் டு ஸ்கூல்" என்றால் அப்போது நடந்து போவேன். ஆகவே தமிழருக்கு இது இயல்பாக வர வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: திரும்பத் திரும்ப நடந்த செயலுக்குத்தான் "வுட்". இருந்த நிலைக்கு அது பொருந்தாது. மதுரையில் வசித்தேன், கடை வைத்திருந்தேன் என்பதற்கு "யூஸ்டு டு லிவ்", "யூஸ்டு டு ஹேவ் எ ஷாப்" என்றுதான் சொல்ல வேண்டும். இதோடு "ஐ ஆம் யூஸ்டு டு" என்பதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதற்குப் பழகிவிட்டது என்று பொருள். "ஐ ஆம் யூஸ்டு டு த கோல்ட்", குளிர் எனக்குப் பழகிவிட்டது. நம்மவர்கள் தினமும் கோயிலுக்குப் போகிறேன் என்பதை "ஐ யூஸ்டு டு கோ டு டெம்பிள்" என்று சொல்வதைக் கேட்கலாம். கேட்கும் வெளிநாட்டவர், முன்பு போனார், இப்போது போவதில்லை என்று எடுத்துக்கொள்வார்.

தமிழ் நம்மை இழுத்துவிடும் இடமும் இருக்கிறது. நேத்து சென்னைக்குப் போயிருந்தேன் என்பது நல்ல தமிழ். அதை அப்படியே "ஐ ஹேட் கான் டு சென்னை எஸ்டர்டே" என்று மாற்றினால் தவறு. "ஐ வென்ட்" போதும். "ஹேட்" போட்ட வடிவம் எப்போது வேண்டும் என்பதைக் குடியேறியவர் கதைகளைப் போல வேறெதுவும் தெளிவாகக் காட்டாது. "ஐ ஹேட் நெவர் சீன் ஸ்னோ பிஃபோர்" என்பார்கள். விமானத்திலிருந்து இறங்கிய அந்த நொடி ஒரு புள்ளி. அதற்கும் முந்திய வாழ்க்கை முழுவதும் பனியைப் பார்த்ததில்லை. கடந்த காலத்தில் ஒரு புள்ளியை வைத்து, அதற்கும் பின்னால் திரும்பிப் பார்க்கும்போதுதான் "ஹேட்". அதுபோல ஐந்து வருடத்துக்கு முன் என்பது நம் வாயில் "பிஃபோர் ஃபைவ் இயர்ஸ்" என்று வரும். கதைகளில் எப்போதும் "ஃபைவ் இயர்ஸ் அகோ" என்றுதான் கேட்பீர்கள். 2010-லிருந்து இங்கே இருக்கிறேன் என்பது "ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் சின்ஸ் 2010". "ஐ ஆம் லிவிங்" என்று தொடங்கி "சின்ஸ்" போடக் கூடாது.

மூன்றாம் நாள் சொல்வதெழுதுதல். பள்ளிக்கூட வேலை என்று தள்ளிவிடாதீர்கள். காதின் ஓட்டை எங்கே இருக்கிறது என்று காட்டுவது இது ஒன்றுதான். முப்பது விநாடித் துண்டு போதும், ஏறக்குறைய 75 சொல். விஎல்சி பிளேயரில் தொடக்கமும் முடிவும் குறித்து ஒரு துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு துண்டையும் ஐந்து முறைவரை கேட்டு எழுதுங்கள். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, விட்டுப்போனதை மூன்று வகையாகப் பிரியுங்கள்.

முதல் வகை, சொல்லே தெரியாதது. இது எளிது, அகராதி பார்த்தால் தீரும். இரண்டாம் வகை, சொல் தெரியும், ஒலி மாறியதால் பிடிபடவில்லை. "வாண்ட் டு" என்பது "வான்னா" ஆகும், "கோயிங் டு" என்பது "கன்னா" ஆகும், "ஹேவ் டு" என்பது "ஹாஃப்ட" ஆகும், "ஷுட் ஹேவ்" என்பது "ஷுடவ்" ஆகும், "ஆஸ்க்ட்" என்பதில் நடு ஒலி மறைந்து "ஆஸ்ட்" ஆகும். வாசிக்கத் தெரிந்தும் கேட்கத் தெரியாமல் போவது பெரும்பாலும் இந்த வகையால்தான். தமிழில் ஒவ்வொரு அசையையும் ஏறக்குறைய சம நேரம் கொடுத்துச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசை நீளும், மற்றவை நசுங்கும். நசுங்கும் சொற்கள் பெரும்பாலும் டு, ஆஃப், ஃபார், எ, த, ஹேவ், கேன் போன்றவை. அமெரிக்கப் பேச்சில் "கேன்" நசுங்கிக் "கன்" என்று ஓடிவிடும். "கேன்ட்" அழுத்தமாக வரும், ஆனால் கடைசி டகரம் காதில் விழாது. முடியும் என்றாரா, முடியாது என்றாரா என்பதைக் கடைசி எழுத்தை வைத்துத் தேடினால் ஏமாறுவீர்கள். அழுத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாம் வகை, சொல்லின் வால்: இறந்தகாலத்தின் t, d ஒலியும் பன்மையின் s, z ஒலியும். மெய்யில் முடியும் ஆங்கிலச் சொல்லுக்கு நாம் ஓர் உகரம் சேர்த்துவிடுவதால் (பஸ்ஸு, ஆஸ்குடு) இந்த வால்கள் நம் காதிலும் கரைகின்றன, வாயிலும் கரைகின்றன. மூன்று வகைக்கும் மூன்று நிற மை வைத்துக்கொண்டால், நாலு வாரத்தில் உங்கள் நோட்டைப் பார்த்தே உங்கள் பலவீனம் எந்த நிறம் என்று தெரியும்.

எழுத்து வடிவம் என்று சொல்லும்போது மனிதர் எழுதியதைச் சொல்கிறேன். யூடியூப் தானாகப் போடும் வரிகள், வேற்று நாட்டு உச்சரிப்பு வந்தால் தடுமாறும். நசுங்கிய சொற்களை விழுங்கும், ஊர்ப்பெயர்களைக் கண்டபடி எழுதும். அதை வைத்துத் திருத்தினால் சரியாக எழுதியதையும் தவறென்று அடிப்பீர்கள்.

நான்காம் நாள், பேசுபவரோடு அரை விநாடி பின்னால் நிழல் போலச் சேர்ந்து சொல்லிப் பழகுவது. வேகத்தை 0.75 ஆக வைக்கலாம். அதற்குக் கீழே போக வேண்டாம், ஒலி இழுபட்டு அழுத்தத்தின் தாளமே போய்விடும். பத்து நிமிடம் போதும்.

ஐந்தாம் நாள்தான் முழு முறையின் உயிர். நான்கு, மூன்று, இரண்டு என்று ஒரு பயிற்சி இருக்கிறது. மொழி கற்பிப்பவர்களிடையே நன்கு அறியப்பட்டது. அதே கதையை எழுத்து வடிவத்தைப் பார்க்காமல் முதலில் நான்கு நிமிடத்தில் சொல்லுங்கள். உடனே மறுபடி மூன்று நிமிடத்தில். உடனே மறுபடி இரண்டு நிமிடத்தில். செய்தி மாறக் கூடாது, நேரம் மட்டும் குறைய வேண்டும். முதல் தடவை என்ன சொல்வது, எந்தச் சொல், எந்த வரிசை என்று எல்லாவற்றையும் மூளை ஒரே நேரத்தில் தேடுகிறது, திக்கும். மூன்றாம் தடவை தேட வேண்டியது ஒன்றும் இல்லை, அதனால் ஓடுகிறது. வாய் ஓடுவது என்றால் என்ன என்பதை அந்த இரண்டு நிமிடத்தில் உடம்பே உணரும். போனில் பதிவு செய்து முதலாவதையும் மூன்றாவதையும் கேட்டுப் பாருங்கள். வேறொருவரிடம் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு தடவையும் புதிய ஆளிடம். நடுவில் சொல் கிடைக்காவிட்டால் நிறுத்தி அகராதியைத் திறக்காதீர்கள். தெரிந்த சொற்களால் சுற்றி வளைத்துச் சொல்லுங்கள். குடியேறியவர்கள் கவுண்டர்களில் நின்று செய்தது அதுதான்.

சொல்லும்போது ஒரு சலுகை எடுத்துக்கொள்ளலாம். அவர் எங்கே போகிறாய் என்று கேட்டார் என்பதை ஆங்கில இலக்கணப்படி அயற்கூற்றாக மாற்றினால் காலமும் மாற வேண்டும், சொல் வரிசையும் மாற வேண்டும், நடுவில் விழுந்துவிடுவோம். கதை சொல்பவர்கள் பெரும்பாலும் அப்படிச் செய்வதே இல்லை. "ஹீ செட்" என்று சொல்லி அந்த ஆளின் வாக்கியத்தை அப்படியே போடுவார்கள். இளையவர்கள் "ஷீ வாஸ் லைக்" என்பார்கள். நம் "ன்னு கேட்டாரு" போலத்தான் இது. நீங்களும் அப்படியே சொல்லுங்கள். "ஹீ டோல்ட் தட்" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். டோல்ட் என்றால் யாரிடம் என்று உடனே வர வேண்டும்: "ஹீ டோல்ட் மீ".

ஆறாம் நாள் உங்கள் கதை. நீங்கள் வெளிநாடு போகாதவராக இருக்கலாம். கிராமத்திலிருந்து சென்னை விடுதிக்கு வந்த முதல் நாள், புது வேலையின் முதல் வாரம், மாமியார் வீட்டின் முதல் பொங்கல் எல்லாமே ஒருவகைக் குடியேற்றம்தான். எடுத்த எட்டுத் தொடரில் குறைந்தது ஐந்தைப் பயன்படுத்தி இரண்டு நிமிடம் சொல்லுங்கள். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு இது நேரடியாக உதவும். அந்தப் பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் ஒரு நிமிடம் தயாராகி, ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் தொடர்ந்து பேசச் சொல்கிறார்கள். கேள்விகளில் பல, ஒரு நாளை, ஒரு பயணத்தை, ஒரு மனிதரை விவரிக்கச் சொல்பவை. ஏழாம் நாள் புதிதாக ஒன்றும் வேண்டாம். முந்தைய வாரங்களின் தொடர்களைப் புரட்டுங்கள்.

இப்போது அந்தப் பொறிக்கு வருகிறேன். இரண்டாம் மொழியாகப் பேசுபவரிடம் கற்றால் அவருடைய பிழையும் ஒட்டிக்கொள்ளாதா? ஒட்டும். அதிலும் தமிழரோ மலையாளியோ பேசும்போது நம் காதுக்கு மிக இயல்பாக ஒலிக்கும் வாக்கியம், பல நேரம் நம் பிழையையே கொண்ட வாக்கியமாக இருக்கும். அதனால் நம் பக்கத்துக் குரல்களிலேயே நின்றுவிடக் கூடாது. நாலு வாரத்துக்கு ஒருமுறை குரலின் நாட்டை மாற்றுங்கள். எதைப் பேச்சுக்கு எடுக்கலாம் என்பதற்கு ஒரு நடைமுறை விதி: வெவ்வேறு தாய்மொழி கொண்ட மூன்று பேரிடம் கேட்டிருந்தால், அல்லது ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லாங்மேன் மாணவர் அகராதிகளில் எடுத்துக்காட்டு வாக்கியமாக இருந்தால், எடுங்கள். ஒருவரிடம் மட்டும் கேட்டது புரிந்துகொள்ள மட்டும். "மை மதர், ஷீ க்ரை" என்று ஒருவர் சொன்னால் அவர் துயரம் முழுதாக நமக்கு வந்து சேர்கிறது. அதற்கு மரியாதை செய்வோம், இலக்கணத்தை மட்டும் "ஷீ க்ரைட்" என்று நம் நோட்டில் எழுதிக்கொள்வோம். உச்சரிப்பு வேறு, பிழை வேறு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழ்ச் சாயல் இருப்பது குறை அல்ல. புரியாமல் செய்யும் சில ஒலிகளை மட்டும் திருத்தினால் போதும்: ஃப் ஒலி ப் ஆவது, ஸ, ஜ குழம்புவது, இகர எகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ஒரு யகரம் ஒட்டுவது, ஸ்கூல் என்பது இஸ்கூல் ஆவது.

டொராண்டோவிலோ லண்டனிலோ மெல்பர்னிலோ உங்கள் சித்தியோ மாமாவோ இருந்தால், கையில் ஒரு புதையல் இருக்கிறது. குறிப்பாக இலங்கைத் தமிழ்க் குடும்பங்களில், 1983-க்குப் பிறகு போனவர்களிடம், மொழி தெரியாத நாட்டில் முதல் வருடத்தைக் கடந்த அனுபவம் நிறைந்து கிடக்கிறது. அவர்கள் தமிழில்தான் பேசுவார்கள், பேசட்டும். கேள்வியை மட்டும் மாற்றிக் கேளுங்கள். சித்தி, கஷ்டமா இருந்துச்சா என்று கேட்டால் ஆமாம் என்பதோடு முடிந்துவிடும். அந்தக் கவுண்டர்ல இருந்த ஆள் என்ன சொன்னார், அவர் சொன்ன வார்த்தையையே சொல்லுங்க சித்தி என்று கேட்டால், "ஃபார் ஹியர் ஆர் டு கோ?" (இங்கேயே சாப்பிடவா, எடுத்துப் போகவா), "டு யூ ஹேவ் எனி போட்டோ ஐடி?", "ஆர் யூ ஆல் செட்?" (எல்லாம் ஆயிற்றா, வேறு ஏதும் வேண்டுமா) என்று முதல் நாள் அவர்களைத் திகைக்க வைத்த வாக்கியங்கள் வரிசையாக வரும். கூடவே, நீங்க என்ன பதில் சொன்னீங்க, இப்ப இருந்தா என்ன சொல்லுவீங்க என்று கேளுங்கள். பத்து நிமிட வீடியோ அழைப்பில் ஒரு வாரத்துக்கான பாடம் கிடைத்துவிடும். பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள், வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். போர், இழப்பு, விசா நிலை ஆகிய மூன்றையும் அவர்களாகத் தொட்டாலொழிய நீங்கள் தொட வேண்டாம். பேச்சு கனத்துப் போனால் பாடத்தை விட்டுவிட்டு உறவாக இருங்கள்.

வகுப்பு நடத்துபவர்கள் இதையே திருப்பியும் செய்யலாம். வந்தேறிய பெரியவர்களுக்கு எழுத்துக் கற்பிக்கும் பழைய முறை ஒன்றில், மாணவர் வாய்மொழியாகத் தன் அனுபவத்தைச் சொல்வார், ஆசிரியர் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொடுப்பார், அதுவே அவருக்கு வாசிப்புப் பாடம். ஆறேழு வரிதான் இருக்கும், ஆனால் பொருள் முழுவதும் அவருக்குத் தெரிந்தது. நம் ஊரில் சிங்கப்பூர், வளைகுடா போய்த் திரும்பியவர்கள் நிறையப் பேர் இருக்கும் தெருக்களில் இதற்குப் பஞ்சமே இருக்காது.

பன்னிரண்டு வாரம் இப்படிச் செய்தால் பன்னிரண்டு கதை, ஏறக்குறைய நூறு தொடர், உங்கள் வாயால் சொன்ன பன்னிரண்டு கதை. இயல்பான வேகத்தில் பேசும் ஒருவரின் அன்றாடக் கதையைப் பின்தொடரவும், உங்களைப் பற்றி இரண்டு மூன்று நிமிடம் தடையின்றிச் சொல்லவும் அது அடித்தளம் போடும். அலுவலக மின்னஞ்சல், வாடகை ஒப்பந்தம், நேர்முகத் தேர்வில் தொழில்நுட்பக் கேள்விக்கு விளக்கம் ஆகியவை இதிலிருந்து வராது. அவற்றுக்கு வேறு நடை, வேறு பயிற்சி. இந்த வாரமே தொடங்குவதாக இருந்தால் எல்லோவில் இரண்டு நிமிடப் பதிவு ஒன்றை எடுத்து, எழுத்து வடிவத்தை மூடி வைத்துவிட்டு, மூன்று முறை கேளுங்கள்.